‘மேலே படிக்க முடியாதாம்’

என் சகலையின் மகள் படிக்க ஆசைப்பட்ட படிப்பை நான் ஒரு பொய் சொல்லித் தடுத்தேன். அவள் கெட்டுப் போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த செலவில் அவர்கள் பிள்ளையைக் கரையேற்றிவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டில் எது மோசம் என்று வாசிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாலோ என்ற ஊரில் இருக்கிறேன்; முப்பது வருஷத்துக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவர் கொஞ்சம் தள்ளி சாஆ என்ற ஊரில் இருக்கிறார்; எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒரு வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு பேரையும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார்கள். தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அவர் வரும்போது யாரும் நாற்காலி தேடமாட்டார்கள். வாசலில் அவருடைய குரல் கேட்டதுமே உள்ளே சிரிப்பு தொடங்கிவிடும். அவர் அடுப்படிக்கே போய் பானையைத் திறந்து பார்ப்பார். “என்ன மாமி, வாத்தியாருக்குக் கோழி, லோரிக்காரனுக்குக் கொழம்பு மட்டுமா?” என்பார். மாமியார் கரண்டியை ஓங்குவார். நான் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். பொறாமை அங்கேயே இருந்தது. ஆனால் அப்போது அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன்: அவருக்கு அடக்கம் போதாது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். கல்யாணமாகி நாளாகிப் பிறந்தவன். பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அவனுக்குச் சுமாரான மதிப்பெண்கள்தான் வந்தன. வாத்தியார் மகன் சுமார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்தேன். வணிக நிர்வாகம், கடைசி ஒரு வருஷம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பாடம், பட்டமும் அவர்களுடையது. ஓய்வு பெறும்போது கையில் வந்த தொகை அதில் போயிற்று. பிறகு வீட்டைத் திரும்பவும் வங்கியில் வைத்தேன். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். இரண்டு வருஷம் பல அலுவலகங்களுக்கு ஏறி இறங்கிவிட்டு அவன் எல்லைப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டிகளை எண்ணி அடுக்கி அனுப்பும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறவர்களில் அவனும் ஒருவன். அவனுடன் வேலை செய்கிற மற்றவர்கள் எஸ்.பி.எம்.மோடு சேர்ந்தவர்கள். யாராவது கேட்டால் “சிங்கப்பூரில் லாஜிஸ்டிக்ஸ் துறையில் இருக்கிறான்” என்பேன். அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேட்காமல் இருக்கும்படி முகத்தை வைத்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் சகலையின் மகள் எஸ்.பி.எம். முடித்தாள். அவளுக்கும் சுமார்தான். ஆனால் அந்த வீட்டில் யாரும் முகம் வாடவில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாளே அவர் எனக்குப் போன் செய்தார்.

“சகல, நம்ம மக ஏர்கோன் படிக்கணுங்கறா. கொலேஜ் கொமுனிட்டில இருக்காம். அது என்ன எடம், நல்லதா கெட்டதான்னு நமக்குத் தெரியல லா. நீங்க ஒரு எட்டு கூட வந்து பாத்துச் சொல்லுங்க.”

ஏர்கோன் என்றால் குளிர்சாதனப் பெட்டி பொருத்திப் பழுதுபார்க்கும் படிப்பு; கொலேஜ் கொமுனிட்டி அரசாங்கம் நடத்தும் சமூகக் கல்லூரி. எங்கள் பக்கத்தில் பல பெற்றோர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குவார்கள். தேர்வில் தேறாத பிள்ளைகள் போகும் இடம் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு வருஷமும் தேர்வு முடிவு வந்தபின் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், உள்ள கோயில் மண்டபத்தில் பெற்றோர்களுக்கு வழிகாட்டிப் பேசுவது நான்தான். பல்கலைக்கழகம், தனியார் கல்லூரி, கல்விக்கடன் எல்லாவற்றையும் விளக்குவேன். சமூகக் கல்லூரி வந்ததும் ஒரே வரியில் தாண்டிவிடுவேன்.

அந்தக் கல்லூரி பொதுமக்களுக்குத் திறந்துவைத்த ஒரு சனிக்கிழமையில் அவருடைய பழைய காரில் போனோம். அவர், அவர் மனைவி, மகள், நான். வழி நெடுக செம்பனை. மகள் பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, ஆயிரம் படிப்பு இருக்க, ஏர்கோன் ஏன்?” என்று கேட்டேன்.

“எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல ஏர்கோன் கெட்டுப் போச்சு பெரியப்பா. ஒரு மாசமா ஆளே வரல. கடைசில ஜேபில இருந்து ஒருத்தர் வந்தாரு. ஆள் கெடைக்கல, ஆளுக்கு அவ்ளோ தட்டுப்பாடுன்னு சொன்னாரு. அப்ப யோசிச்சேன்.”

முன்னாலிருந்து அவள் அப்பா சிரித்தார். “நம்ம வீட்டுல ஃபேனே ஒரு தட்டு தட்டினாத்தான் சுத்துது. முதல்ல அத ரிப்பேர் பண்ணிட்டு அப்பறம் ஏர்கோனுக்குப் போ.”

“அத தட்டித் தட்டியே கெடுத்தது நீங்கதான்பா.”

நான் சிரிக்கவில்லை. பதினேழு வயசில் அவள் தட்டுப்பாட்டைக் கவனித்து யோசித்திருக்கிறாள். என் மகனுக்குப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் படிப்பின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் நன்றாக இருக்கும் என்றுதான் பார்த்தேன்.

பட்டறையில் ஏர்கோன் பெட்டிகள் மூடி கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கற்பிப்பவர் ஒரு மலாய்ப் பெண். தலையில் தூடோங் முக்காடு, காலில் கனத்த பூட்ஸ். அவர் ஒரு செம்புக் குழாயை எடுத்து, கருவியில் செருகி, மெதுவாக வளைத்துக் காட்டினார். பிறகு இன்னொரு குழாயைச் சகலையின் மகளிடம் கொடுத்தார். அவள் அவசரப்பட்டாள், குழாய் நசுங்கியது. ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கற்பிப்பவர் நசுங்கிய இடத்தை வெட்டிவிட்டுத் திரும்பவும் கொடுத்தார். இந்தத் தடவை மூச்சை அடக்கிக்கொண்டு வளைத்தாள். வந்துவிட்டது. அவள் அதைத் தூக்கிப் பிடித்து அவள் அம்மாவுக்குக் காட்டினாள். சின்ன வயசில் வரைந்த படத்தைக் காட்டுவது போல. அவள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அலமாக், நம்ம வீட்டுக்கு ஒரு போமன் வந்தாச்சு” என்று உரக்கச் சொன்னார். மெக்கானிக்கை அவர்கள் போமன் என்பார்கள்.

நான் அங்கே நிற்க முடியாமல் கட்டணம் விசாரிக்கும் மேசைக்குப் போனேன்.

இதைத்தான் நான் சரியாகச் சொல்ல வேண்டும். கட்டணம் அதிகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். மேசையில் இருந்த வயதான ஊழியர் நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் “சிக்கு” என்று மரியாதையாக அழைத்து உட்காரவைத்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, ஆறு மாதப் படிப்புத் தவணைக்கா ஒரு மாதத்துக்கா என்று திரும்பக் கேட்டேன். தவணைக்கு என்றார். என் மகனின் ஒரு தவணைக் கட்டணத்தில் இந்தப் படிப்பு முழுவதையும் முடித்து, மீதியில் ஒரு புது மோட்டார் சைக்கிளும் வாங்கலாம். தங்கும் விடுதி உண்டு. கடைசித் தவணையில் நிறுவனத்தில் பயிற்சி. பல பிள்ளைகளை அந்த நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றனவாம்.

“இதோடு முடிந்ததா? மேலே படிக்க வழி இல்லை, அப்படித்தானே?” என்று மலாயில் கேட்டேன். நான் கேட்ட விதத்திலேயே எனக்கு வேண்டிய பதில் இருந்தது.

“போலே, சிக்கு, போலே,” என்றார் அவர். முடியும், முடியும். நல்ல தேர்ச்சி இருந்தால் சான்றிதழுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய மகனே அப்படித்தான் போனானாம். பெருமையோடு சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வீட்டை வங்கியில் வைத்த நாளும், கிடங்கில் பெட்டி எண்ணும் மகனும் கண்முன் வந்தார்கள். சரித்திரம் படித்த நான் கொட்டிக் கொடுத்து ஏமாந்தேன். மூன்றாம் படிவம் படித்த இவர் சிரித்துக்கொண்டே, கைக்காசில், வேலை உறுதியாகிற ஒரு படிப்பில் மகளைச் சேர்க்கப் போகிறார். அடுத்த தீபாவளிக்கு அந்தச் சிரிப்பு இன்னும் உரக்கக் கேட்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

திரும்பும் வழியில் மாமாக் என்று சொல்லும் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். ரொட்டி சானாய் வந்தது.

“என்ன சகல, மேசைல நல்லா விசாரிச்சீங்களா?” என்றார்.

“விசாரிச்சேன். செலவு கம்மிதான். ஆனா அதோட முடிஞ்சுது. மேலே படிக்க முடியாதாம்.”

மகள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். “வெப்சைட்ல டிப்ளோமாவுக்குப் போலாம்னு போட்டிருக்கே பெரியப்பா.”

“அது பழசும்மா. நான் இப்பதான் நேர்ல கேட்டுட்டு வரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

“சகல கேட்டா சரியாத்தான் கேட்டிருப்பாரு,” என்றார் அவள் அப்பா. “நம்மள மாதிரியா? வாத்தியார் லா.”

கொழுந்தியாள்தான் விடவில்லை. “மாமா, அவளுக்குப் பிடிச்சிருக்கே. அந்த வேலையே போதாதா?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பையன் வீட்டார் பெண் கேட்டு வரும்போது என்ன சொல்வீர்கள், ஏணியில் ஏறி ஏர்கோன் கழுவுகிறாள் என்றா? கெட்டிக்காரப் பிள்ளையை ஏன் ஒரு சான்றிதழோடு முடக்க வேண்டும்? ஜேபியில் ஒரு தனியார் கல்லூரி தெரியும், வணிக நிர்வாகத்தில் டிப்ளோமா, கல்விக்கடன் கிடைக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன். நான் பேசப் பேச அவர் முகத்தில் பெருமை கூடியது. தன் மகளை ஒரு வாத்தியார் கெட்டிக்காரி என்கிறார் அல்லவா? பொறாமைக்காரன் புகழும்போது எவ்வளவு அழகாகப் புகழ்வான் என்பதை நான் அன்று கண்டுகொண்டேன்.

அவள் ஜேபிக்குப் போனாள். அது என் மகன் படித்த கல்லூரி இல்லை. அதைவிடச் சின்னது, கடை வரிசைக்கு மேலே இரண்டு மாடி. கடன் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் சகலை தலையில் விழுந்தன. அவர் ஞாயிற்றுக்கிழமையும் லோரி ஓட்டினார். கொழுந்தியாளின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் பாதையில் நடந்து வந்தவன் நான். பள்ளத்தை அறிந்தே அவர்களை அந்த வழியில் அனுப்பினேன்.

இரண்டாம் வருஷம் பாதியில் அவள் நின்றுவிட்டாள். கணக்கியல் பாடங்கள் ஓடவில்லை. மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தது வேறு. சாஆவுக்குத் திரும்பி சூப்பர் மார்க்கெட்டில் காசாளராக உட்கார்ந்தாள். டிப்ளோமா இல்லை. கடன் மட்டும் இருந்தது.

அந்த வருஷத் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவிகூட ஆச்சரியப்பட்டாள். “என்னங்க, இன்னைக்குப் பசியா?” என்றாள். நானே எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னொரு துண்டு கோழி கேட்டேன். சகலை ஒரு மூலையில் அமைதியாக இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் தட்டினேன். “கவலைப்படாதீங்க சகல, பிள்ளைங்கன்னா அப்படித்தான்” என்றேன். அந்த ஆறுதல் எனக்கு இனித்தது. அதைவிடக் கேவலமான ஒரு நாள் என் வாழ்வில் இல்லை. ஆனால் அன்று எனக்கு அது தெரியவில்லை.

தெரிந்தது குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில். சாப்பாட்டு மேசையில் மனைவியின் தூரத்துச் சித்தப்பா ஒருவர் சகலையைக் கேட்டார்: “ஒம் மக டிப்ளோமா என்னாச்சுப்பா? முடிச்சாச்சா?”

சகலை பழையபடி உரக்கப் பேசினார். “எங்க சகல நல்ல எடமாத்தான் பாத்துக் கொடுத்தாரு சித்தப்பா. அவர் மேல குத்தம் இல்ல. எங்க கழுதைக்குத்தான் மண்டையில ஏறல.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகள் பின்னால் தட்டோடு நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவள் கோபப்பட்டிருந்தால், அழுதிருந்தால் நான் எப்படியாவது தப்பித்திருப்பேன். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு, தட்டிலிருந்த அப்பளத்தை உடைத்தாள். நொறுங்கித் துகளாகும்வரை உடைத்துக்கொண்டே இருந்தாள்.

பணம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். செம்புக் குழாயை வளைத்துத் தூக்கிக் காட்டிய பிள்ளையை, அதைப் பார்த்துக் கண் கலங்கிய தகப்பனே ஊர் நடுவில் மண்டு என்கிறார். அவளும் அதை ஏற்றுக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது என் பொய். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. பல மாதம் தள்ளினேன். பென்சன் நாள் போகட்டும், மழை நிற்கட்டும் என்று காரணம் தேடினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியையும் அழைத்துக்கொண்டு சாஆவுக்குப் போனேன். எதற்கு என்று அவளிடமும் சொல்லவில்லை.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கொழுந்தியாள் மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். நான் குடிக்காமல் சொன்னேன்: “அன்னைக்கு காலேஜ்ல மேலே படிக்க முடியாதுன்னு நான் சொன்னது பொய். முடியும்னுதான் மேசைல இருந்தவர் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

சகலை சிரித்தார். “நீங்க வேற சகல, பழைய கதை. மறந்திருப்பீங்க.”

“மறக்கல. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

சிரிப்பு மெல்ல நின்றது. “ஏன்?” என்றார்.

ஒரே ஒரு சொல். அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “என் மகனுக்கு நான் கொட்டின பணத்துக்கு ஒண்ணும் வரல. நீங்க கொஞ்சத்துல முடிச்சு ஜெயிச்சிருவீங்கன்னு பொறுக்கல.”

“ஜெயிக்கிறதா? யாருகூட?” அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். “நான் உங்ககூட ஓடவே இல்லையே சகல.”

எழுந்து வெளியே போய் லோரி டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்; ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து தட்டினார். உள்ளே திரும்பவே இல்லை. கொழுந்தியாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். என் மனைவி தரையைப் பார்த்தாள்.

மகள்தான் பேசினாள். “எனக்குத் தெரியும் பெரியப்பா.”

“என்ன தெரியும்?”

“திங்கக்கெழமையே காலேஜுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். போலாம்னாங்க.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? பெரியப்பா பொய் சொல்றாருன்னா? அப்பா உங்களப் பத்தி லோரி பட்டறைல எல்லாம் என்ன பேசுவாரு தெரியுமா? எங்க சகல சொன்னா கோர்ட்டுல ஜட்ஜ் சொன்ன மாதிரிம்பாரு. அத நான் எப்படி ஒடைக்கறது?” பிறகு மெதுவாகச் சேர்த்தாள்: “ஒருவேளை உங்களுக்கு வேற ஏதாவது நல்ல காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

கடனை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து அவள் அப்பாவின் குரல் வந்தது. “காசெல்லாம் வேணாம், சார்.”

அவருக்குத் திருமணமான இந்த இருபது வருஷத்துக்கு மேலான காலத்தில் அவர் என்னைச் சார் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு எப்படியும் அழைத்ததில்லை.

பாலோ வந்து சேர்ந்ததும் மனைவி மகனைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவன் வந்தான். கூடத்தில், அங்கியோடு இருக்கும் அவன் படத்துக்குக் கீழேயே நின்றான்.

“அப்பா, நான் அங்க கிடங்குல மேற்பார்வையாளரா ஆகி ஒரு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. சொன்னபோது நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்பா. நீங்கதான் என்னைத் தோத்தவனாவே வச்சிருந்தீங்க. அதுக்கு அவ என்ன பாவம் பண்ணினா?”

நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ளப் போய் இன்னொன்றையும் ஒத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் என் மகன் வீண் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சரி என்றான். சாப்பிடாமல் போய்விட்டான்.

சமூகக் கல்லூரிக்கு வயசு ஒரு தடையில்லை. சகலையின் மகள் விண்ணப்பித்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவு செய்யும் நாளில் அவளைப் பெட்டி, வாளி, தலையணையோடு ஏற்றிக்கொண்டு போனவன் என் மகன். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தானாம். இதையெல்லாம் மனைவிதான் சொன்னாள். நானும் போயிருக்கலாமே என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “யாரு கூப்பிட்டா?” என்றாள்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்று இருந்தது. அடுத்த வருஷம் தேர்வு முடிவு வந்தபோது கோயில் மண்டபத்தில் நான் பேசும் முறை வந்தது. சமூகக் கல்லூரியை ஒரே வரியில் தாண்டி வந்தது தப்பு என்று முதலிலேயே சொன்னேன். படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், அதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள், வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து, கடனைக் கட்டி முடிக்க எத்தனை வருஷமாகும் என்று உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து யோசியுங்கள் என்றேன். என் மகனுக்கு நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை என்றேன். என் சகலை மகளுக்குச் செய்ததையும் சொன்னேன், ஏன் செய்தேன் என்பதோடு.

பின் வரிசையில் ஒருவர், “பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றார். வேறு சிலர் எழுந்து சாப்பிடப் போனார்கள். ஒரு பெண் மட்டும் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, தன் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். சில வருஷத்துக்கு முன் அவளுடைய மூத்த பையனுக்கு நான் வழி சொல்லியிருந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கோயிலில் வேறொருவரைப் பேச அழைத்தார்கள்.

சகலையின் மகள் படித்து முடித்துவிட்டாள். பயிற்சி கொடுத்த ஜேபி நிறுவனமே வேலை கொடுத்தது. ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் போய் ஏர்கோன் பழுது பார்க்கிறாள். டிப்ளோமாவுக்கு இப்போது போகவில்லை. முதலில் அந்தப் பழைய கடனைக் கட்டித் தீர்க்க வேண்டுமாம். நான் ஏற்றிவிட்ட கடன் அது. அவளுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அந்த மேசையில் ஏறிய அதே சூடு வந்தது. அது தணியும்வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்து நல்லது என்றேன். இந்த வயசிலும் அது போகவில்லை என்பதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் இது இன்னொரு பொய்யாகிவிடும்.

இந்த வருஷம் தேர்வு முடிவு வந்த வாரத்தில் தாமானில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு கணவன் மனைவி மோட்டாரில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது. யாரோ திரும்பவும் கேட்க வந்திருக்கிறார்கள்.

“வாங்க, உள்ள வாங்க. பையனுக்கு என்ன ரிசல்ட்டு?”

“இல்ல சார், உக்கார நேரமில்ல,” என்றார் அவர். “உங்க கொழுந்தியா மக ஏர்கோன் படிச்சிச்சாமே. அது நம்பர் வேணும். அந்த காலேஜ் பத்திக் கேக்கணும்.”

“நானே சொல்றேனே. நான் போய்ப் பாத்த எடம்தான்.”

அவர் மனைவி கூச்சத்தோடு சிரித்தாள். “தப்பா நெனைக்காதீங்க சார். படிச்ச பிள்ளகிட்டயே கேட்டுடலாம்னு.”

போனை எடுத்தேன். அவளுடைய எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு இலக்கத்தை மாற்றிச் சொன்னால் போதும். வயசானவன், கண் சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த நினைப்பு வந்தது. வந்ததை மறைக்கவில்லை. எண்ணைச் சரியாகப் படித்தேன். பிறகு, “இங்கேயே ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க, சரியான்னு” என்றேன்.

அவர் கூப்பிட்டார். மணி அடித்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சலோடு அவள் குரல் கேட்டது: “ஹலோ, யாருங்க?” அவர் யார் என்று சொல்லிவிட்டு, இன்னார் வீட்டிலிருந்து பேசுகிறோம் என்று என்னையும் சொன்னார். அந்தப் பக்கம் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. பிறகு அவள் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் நிற்கும் நிழலுக்கு நகர்ந்து போனார். அவர் மனைவியும் காதை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். வெகுநேரம் பேசினார்கள். நான் கேட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை.